சந்தனப் பொட்டு வெச்ச டிஸ்க்

பதினொரு சதவீதம். பதினொண்ணுலயே நிக்குது. இல்ல, நகருது, புள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்கிற எண்ணு மாறுது, நீ இப்படி வெறிச்சு வெறிச்சுப் பாத்தா கண்ணு பட்டே நின்னுரும் பவுனு, கொஞ்சம் வேற எங்கயாச்சும் பாரு. வேற எங்க பாக்குறது, இந்தப் பக்கம் திரும்புனா மேசை மேல அது கெடக்கு, நட்டநடுவுல ஓட்டையோட, சுத்தி அலுமினியத் தூளு, நல்ல டிஸ்க்கு, ஒரு நோவு நொடி இல்லாத டிஸ்க்கு, இங்க போடுங்கண்ணே இங்க போடுங்கன்னு நானே எடம் காட்டி ஓட்டை போட வெச்ச டிஸ்க்கு. இருந்தது ரெண்டு. ரெண்டும் ஹார்டு டிஸ்க்கு, ஒண்ணுல எழுதுறது அப்படியே இன்னொண்ணுலயும் எழுதிக்கும், ரெய்டுன்னு பேரு, அதுக்குன்னு தனி கார்டு எதுவும் வேண்டாம், லினக்ஸே பாத்துக்கும், ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு நிக்கும். அதுல ஒண்ணு கொஞ்ச நாளா மொனகுது. சரி, ரெண்டையும் கழட்டிப்புட்டு எஸ்எஸ்டி போட்டுருவோம், அதுல சுத்துற தட்டும் இல்ல, சத்தமும் இல்ல, மொதல்ல கெட்டதை எடுத்துட்டு அந்த எடத்துல புதுசு ஒண்ணு, நல்லதுல இருந்து அதுக்குப் பூராவும் ஏறட்டும், ஏறி முடிச்சதும் நல்லதையும் எடுத்துட்டு இன்னொரு புதுசு. இம்புட்டுத்தான் வேலை. எடுக்க வேண்டியது கெட்டதை. நான் எடுத்தது நல்லதை. இப்ப அந்த நோவுக்கார டிஸ்க்குதான் தன்கிட்ட இருக்கிறதையெல்லாம் படிச்சுப் படிச்சுப் புதுசுக்குக் குடுத்துக்கிட்டு இருக்கு, டக்கு டக்குன்னு, நடுவுல அது படுத்துச்சுன்னா எங்கண்ணன் குரல் போச்சு. அம்புட்டும் போச்சு. வேற எங்கயும் ஒரு காப்பி கெடையாது.

எண்ணைப் பாத்து எடுத்திருக்கணும். ஒவ்வொரு டிஸ்க்கு நெத்தியிலயும் ஒரு எண்ணு ஒட்டியிருக்கும், கெட்டது எதுன்னு ஸ்க்ரீன்ல காட்டுறதும் அந்த எண்ணைத்தான், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா அந்த எண்ணு மேல சந்தனம். போன ஆயுத பூசைக்கு நானே வெச்சது. எல்லா வருசமும் மைக்குக்கு, மிக்ஸருக்கு, கம்ப்யூட்டர் பொட்டிக்கு வெளிய மட்டும் ஒரு பொட்டு, ஒரு கிள்ளுப் பூவு, பூசணிக்கா ஒடைச்சாச்சு, முடிஞ்சது. போன தடவை அண்ணனுக்கு ஆபரேசன் ஆன புதுசு. குரல் உள்ள இருக்கு, வெளிய பொட்டு வெச்சா எப்படிப் போய்ச் சேரும்னு பொட்டியோட பக்கத் தகட்டைக் கழட்டி, ரெண்டு டிஸ்க்கு நெத்தியிலயும் சந்தனத்தைக் கொழகொழன்னு அப்பி, நடுவுல குங்குமம் வெச்சு, தாயே இதுல கெடக்குறதைக் காப்பாத்திக் குடுன்னு கும்புட்டேன். இன்னைக்குத் தொறந்து பாத்தா ரெண்டும் காஞ்சு பொறுக்குத் தட்டிப்போய் எண்ணே தெரியல. சொரண்டுனா தெரிஞ்சிருக்கும். ஒரு நகம் பட்டாப் போதும். மனசு வரல. சாமிக்குன்னு வெச்சது, அதுவும் அண்ணனுக்காக வெச்சது, அதை நானே நகத்தால சொரண்டுறதா. அதுக்குப் பதிலா என்ன செஞ்சேன், ஓடிக்கிட்டு இருக்கையிலயே ரெண்டு மேலயும் விரலை வெச்சுப் பாத்தேன், பெரிய நாடி பாக்குற வைத்தியச்சி. மேல இருக்கிறதுல துடிப்புத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. ரெண்டும் ஒரே இரும்புக் கூண்டுல மாட்டியிருக்கு, இதுல துடிச்சா அதுலயும் தெரியும்டி மண்டு. அது அப்பத் தோணல. கம்ப்யூட்டரை அணைச்சேன், மேல இருந்ததைக் கழட்டுனேன், புதுசை மாட்டுனேன், போட்டேன், ஏற ஆரம்பிச்சுருச்சு. பவுன்தாயிக்கு இணை பவுன்தாயிதான்னு நானே என்னைய மெச்சிக்கிட்டேன்.

அந்நேரம் பாத்தா கீழ்க்கடை சவரிமுத்து அண்ணன் டிரில்லிங் மெசினோட மேல வரணும். வந்தாரு. சுவத்துல பலகை ஆடுதுன்னு நாந்தான் சொல்லி வெச்சிருந்தேன். அவருக்கு அங்க மரக்கடையில கதவு அறுத்துக் கெடக்கு, அவசரம், பலகைக்கு ரெண்டு ஓட்டை போட்டுட்டுக் கெளம்புறாரு, நான் சும்மா இருக்க வேண்டியதுதான? இந்த ஸ்டூடியோவுக்கு நான் வெச்ச சட்டம் ஒண்ணு இருக்கு, பழைய டிஸ்க்கு வெளிய போகணும்னா ஓட்டையோடதான் போகணும். ஊருப்பட்ட பேரு வந்து பேசிப்போறது, கட்சிக்காரங்க பேசுறது, பஞ்சாயத்துக்காரங்க பேசுறது, இரும்புக்கடைக்குப் போய் எவன் கையிலயோ சிக்குனா ஆரு பதில் சொல்றது. சட்டம் நல்ல சட்டந்தான். ஆனா புதுசுக்கு ஏறி முடியட்டும்னு ஒரு பொழுது பொறுக்கலாம்ல? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு எங்கம்மா சொல்றப்பெல்லாம் என் மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லும். இருங்கண்ணே, கையோட இதுக்கும் ஒண்ணு போட்டுருங்கன்னு நீட்டிட்டேன். அவரு முட்டி போட்டு ஒக்காந்து, கட்டையக் குடுத்து, மெசினை வெச்சு அமுக்குனாரு. கிர்ருன்னு எறங்குச்சு. எறங்குன அதிர்வுல பொட்டு பேத்துக்கிட்டு விழுந்துச்சு. எண்ணு தெரிஞ்சுச்சு. நான் படிச்சேன். ஒரு தரம் படிச்சேன், திரும்பப் படிச்சேன், தப்பாப் படிக்கிறனோன்னு கண்ணாடியத் தொடைச்சுப் படிச்சேன். என்ன தங்கச்சி மூஞ்சி இப்படிப் போச்சுன்னாரு. ஒண்ணுமில்லண்ணே, நீங்க போங்கன்னேன். அவரு பாவம் என்ன செய்வாரு, போட்டது அவரு கை, காட்டுனது என் கை. அண்ணன் கழுத்துலயும் ஒரு ஓட்டை, இதுலயும் ஒரு ஓட்டை. சீ, என்ன நெனப்பு இது. இந்த நெனப்பை மொதல்ல தூக்கி வெளிய போடு.

பதினொண்ணு புள்ளி எட்டு. ஏறுது. ஏறு சாமி. அண்ணன் பேரு தங்கமாயன், திண்டுக்கல்லு சுத்துப்பட்டுல கபடி நடக்குற ஊருல எல்லாம் போய் மைக்கைப் புடிக்கிற ஆளு. வர்ணனைன்னா வர்ணனை, கபடி கபடின்னு பாடிப் போறவன் மூச்சு விடுறதுக்கு முந்தி இது மூச்சு விடாது, அவன் கோட்டைத் தொட்டுட்டு வந்து விழுந்தப்பறம்தான் ஆளுக்கு முந்தி இது சோடா கேக்கும். ஒரு ஊருல தோத்த அணிக்காரங்க அடிக்க வந்துட்டாங்க, நீ எங்காளு காலு வழுக்குனதை அம்புட்டு நீட்டிச் சொல்லியிருக்க வேண்டாம்யான்னு. அப்படிப்பட்ட தொண்டைக்குள்ள புத்துநோவு வந்துச்சு. மதுரையில பாத்த டாக்டரு, குரல்வளையவே எடுக்கணும், எடுத்தா ஆளு பொழைக்கும், பேச்சு பொழைக்காதுன்னுட்டாரு. அங்க பேச்சுப் பயிற்சி குடுக்குற அம்மாதான் சொன்னது, எடுக்குறதுக்கு முந்தி முடிஞ்ச மட்டும் பேசிப் பதிஞ்சு வெச்சுக்கங்க, அதை வெச்சு அவரு குரல்லயே போன் பேசுற மாதிரி செஞ்சு குடுக்குற கம்பெனி இருக்கு, அவரு எழுத எழுத அது பேசும்னு. தங்கச்சி ஸ்டூடியோ வெச்சிருக்கா, வேற எங்க போகணும்? தள்ளுவண்டிக்கும் ஆட்டோவுக்கும் கடைத் தொறப்புக்கும் பேசிப் பதிஞ்சு குடுக்குற ஸ்டூடியோதான், இருந்தாலும் மைக்கு நல்ல மைக்கு. தெனம் காலையில வந்து ஒக்காரும். அந்தம்மா குடுத்த வாக்கியத்தையெல்லாம் வாசிக்கும். எனக்குத் தண்ணி வேணும். வலது பக்கம் வலிக்கிது. சன்னலைச் சாத்துங்க. வாசிச்சுக்கிட்டே வந்து ஒரு நாளு மைக்கைத் தள்ளிட்டு, ஏ பவுனு, இதென்னடி பூராவும் சீக்காளி பேசுறதாவே இருக்கு, நான் ஆரையாச்சும் வையணும்னா என்ன செய்யன்னு கேட்டுச்சு. அதுவும் நாயந்தானன்னு ஒரு நாள் பூராவும் வசவா வாங்கிப் பதிஞ்சேன். அண்ணன் சளைக்கவே இல்ல. நாந்தான் சிரிச்சுச் சிரிச்சு மைக்குல என் சத்தமும் விழுந்துருச்சுன்னு திரும்ப எடுக்க வேண்டியதாப்போச்சு. ஆபரேசனுக்குப் போற அன்னைக்குக் காலையில வரைக்கும் பதிஞ்சோம்.

கம்பெனிக்கு அனுப்பியிருக்கலாம்ல? அன்னைக்கே அனுப்பியிருக்கலாம். அனுப்ப விட்டாத்தான. தொண்டையில கட்டோட வீடு வந்து படுத்த மனுசன் போன்ல எழுதிக் காட்டுச்சு, அது செத்தவன் குரலு, எனக்கு வேண்டாம்னு. நான் என்ன செய்ய? கழுத்துல வெச்சுப் பேசுற மெசினைக் குடுத்தாங்க, சவரம் பண்ற மெசின் பேசுற மாதிரி இருக்குன்னு அதையும் தூக்கிப் போட்டுருச்சு. சண்டை போட்டேன், சோறு திங்காமக் கெடந்தேன், அசையல. போன வாரம் எங்கயோ ஒரு ஆபீசுக்குப் போயிருக்கு, கவுண்ட்டர்ல இருந்த ஆளு, இது எழுதிக் காட்டுனதும் காதும் கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டு, சைகை காட்டி, கத்தி, பின்னாடி நிக்கிறவங்க எல்லாம் சிரிக்க, பச்சப்புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லியிருக்கான். ஆயிரம் பேரைத் தன் வாய் பாக்க வெச்ச ஆளை. நேரா இங்க வந்துச்சு, மூச்சு கழுத்துத் துணியத் தூக்கித் தூக்கி அடிக்கிது, போனை எடுத்து எழுதுச்சு, அதை அனுப்புடி. எனக்குன்னா வானத்துல பறக்குற சந்தோசம். சந்தோசத்துல நேரா அனுப்பித் தொலைக்க வேண்டியதுதான, டிஸ்க்கு மொனகுதே, மொதல்ல டிஸ்க்கை மாத்திருவோம், அப்பறம் நிதானமா அனுப்புவோம்னு நெனச்சா பாரு, அங்கதான் விழுந்தது மண்ணு. ரெண்டுல இருக்கே, அதுவே காப்பிதானன்னு இருந்துட்டேன். வீட்டுக்கு ரெண்டு கதவு இருக்குன்னு பூட்டே வாங்காம இருந்த கதைதான். பெருசா ஸ்டூடியோ வெச்சிருக்கேன்.

டக். டக். டக்கு... ஏன் நின்னுச்சு? நிக்காத. கீழ சவரிண்ணன் மரம் எழைக்கிற மெசினைப் போட்டுட்டாரு, தரை அதுருது, மேசைத் தம்ளருல தண்ணி நடுங்குது, அதுர அதுர இது தடுமாறுது, அந்த முள்ளு மாதிரி இருக்கிறது தட்டு மேல மயிரிழையில பறந்துக்கிட்டுப் படிக்கணும், நல்ல டிஸ்க்குன்னா தாங்கும், இது சாகக் கெடக்குறது. எந்திரி. எந்திரிச்சுப் போய்ச் சொல்லு. நான் எந்திரிச்ச நேரத்துல நின்னுருச்சுன்னா? நீ ஒக்காந்து பாத்தா மட்டும் நிக்காதா, எந்திரி. படியில எறங்கி ஓடுனேன். சவரிண்ணே, மெசினைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க. ஏன் தங்கச்சி, கதவு சாயங்காலம் போகணும்ல. சொல்லிட்டேன். சொல்லாம எப்படி, நீங்க ஓட்டை போட்டது நல்ல டிஸ்க்கு, அதுலதான் அண்ணன் பேச்சு இருந்துச்சு, இன்னொண்ணு உசுருக்கு இழுத்துக்கிட்டு இருக்கு, தரை ஆடுனாப் போயிரும். ஏசுவே, ஆண்டவரேன்னாரு மனுசன். சுவிட்ச் போர்டுக்கே போய்க் கடை மெயினை எறக்கிட்டாரு, மாடிக்கு வேற மீட்டரு, வேலைக்காரங்களைப் பாத்து, டேய் ஆரும் சுத்தியலைக் கூடத் தொடாதீங்கடான்னாரு. நான் வேணா மேல வந்து ஒரு செபம் சொல்லட்டுமா தங்கச்சி? அங்க இருந்தே சொல்லுங்கண்ணே, படியேறுனா ஆடும்னு சொல்லிட்டு நானே பூனை மாதிரி ஏறி வந்தேன். பன்னெண்டு சதவீதம்.

மேசை விசிறியத் தூக்கிப் பொட்டி வாய்க்கு நேரா வெச்சேன். சூடு கொறையட்டும். பன்னெண்டு. இப்படியே போனா இன்னும் எம்புட்டு நேரம், இது முழுசும் படிக்கணும், தலையில இருந்து வாலு வரைக்கும், வெறும் எடத்தையும் சேத்து. வெறும் எடத்தை எதுக்குப் படிக்கணும்? என்னது? இரு இரு. இது வரிசையாப் போகுது. நெறஞ்ச எடம், காலி எடம், உப்பு வண்டி, கோலப்பொடி, கவுன்சிலரு பேச்சு, எல்லாத்தையும் வரிசையாச் சொரண்டிக்கிட்டுப் போகுது. அண்ணன் எங்க இருக்கோ. தொண்ணூறுல இருக்கலாம். இதுக்கு இருக்கிற கொஞ்சநஞ்ச உசுரைக் காலி எடம் படிக்கிறதுலயே செலவழிச்சுப்புட்டு அண்ணன்கிட்ட வர்றப்ப வாயப் பொளந்துட்டா? அட கூறுகெட்டவளே, இம்புட்டு நேரமா ஒக்காந்து வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தியே! ஏறுறதை நிப்பாட்டு. நிப்பாட்ட முடியும், அதுக்கு ஒரு கட்டளை இருக்கு. நிப்பாட்டிட்டு அண்ணன் ஃபோல்டரை மட்டும் எடு. ரெண்டாவது எஸ்எஸ்டி உறை பிரிக்காம இருக்கே, அதை வெளிய வயர்ல மாட்டி அதுக்குள்ள போடு.

மத்தவங்க? மத்தவங்களுக்கு என்ன பதில் சொல்லுவ? நாளைக்கு ஒருத்தன் வந்து, எக்கா என் மாம்பழ வண்டிக்குப் பேசுனது எங்கன்னு கேப்பான். அவனை ஒக்கார வெச்சு இன்னொரு தரம் பேசச் சொல்லுவேன். காசு வாங்காமப் பதிஞ்சு குடுப்பேன். அவன் குரலு அவன்கிட்ட இருக்கு. கவுன்சிலரு குரலு கவுன்சிலருகிட்ட இருக்கு, ஊருக்கே தெரியும் இருக்குன்னு. எங்கண்ணன்கிட்ட இல்ல. இதுக்கு மேல நாயம் பேசுறவங்க வந்து என் எடத்துல ஒக்காரட்டும். நிப்பாட்டுனேன். புது டிஸ்க்கை மாட்டுனேன். ஒரு சின்ன வெளக்கு எரிஞ்சுச்சு, அம்புட்டுத்தான், ஒரு முனகல் கெடையாது. சத்தம் போடுறது சாகக் கெடக்கு, சத்தமே இல்லாத இந்தப் பயலை நம்பிக் குரலைக் குடுக்கணும். சரி, குடுப்போம். போ.

போகுது. ஒண்ணொண்ணா வரி விழுகுது. முதல் நாள் பதிஞ்சது. ரெண்டாம் நாளு. சரசரன்னு போகுது, நல்ல புள்ள, இப்படியே போ. இது அழிஞ்சுருச்சுன்னா அண்ணன் பேச்சுன்னு ஊருல மிச்சம் இருக்கிறது அந்த உப்பு வண்டி ஒண்ணுதான், கல்லு உப்பேய், தூளு உப்பேய்னு அண்ணன் பேசிக் குடுத்தது இன்னமும் தெருத்தெருவாப் போகுது. ஆபரேசன் முடிஞ்சு வந்த புதுசுல அந்த வண்டி வீட்டு வழியா வந்துச்சு. அண்ணன் சோறு தின்னுக்கிட்டு இருந்துச்சு. கல்லு உப்பேய். கை அப்படியே நின்னுச்சு. அண்ணி ஓடிப்போய்க் கதவைச் சாத்துச்சு, வண்டிக்காரருக்கு ஒண்ணும் வெளங்கல, உப்பு வேண்டாமான்னு கேட்டுட்டுப் போனாரு. அந்த வண்டிய மட்டும் வெச்சுக்கிட்டு அண்ணன் என்ன செய்யும், உப்பு மட்டுந்தான் கேக்க முடியும். பசிக்கிதுன்னு சொல்ல முடியாது, ஏன்டா பேசுறப்ப கத்துறன்னு அந்தக் கவுண்ட்டர்க்காரன்கிட்டக் கேக்க முடியாது. கேக்கணும். அந்த ஆபீசுக்குத் திரும்பப் போய் அண்ணன் கேக்கணும், நான் பக்கத்துல நின்னு பாக்கணும். அதுக்காச்சும் நீ வரணும். டிஸ்க்கு சாமி, நீ பாடிப் போயிருக்க, எதிராளு கோட்டுக்குள்ள நிக்கிற, மூச்சு முட்டுதுன்னு தெரியும், கோட்டைத் தொட்டுட்டு வந்து விழு, அதுக்கப்பறம் உன்னைய ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்.

நின்னுருச்சு. ஒரு வரியில நின்னுருச்சு. வசவு பதிஞ்ச நாளு. டக், கிர்ரக், டக். அதே எடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்குது, படிக்க முடியல, விட மாட்டேங்குது. விட்டுட்டு அடுத்ததுக்குப் போ. தானாப் போகும், அது சலிச்சுப்போய் முடியாதுன்னு சொன்னாத்தான் போகும், அது வரைக்கும் நான் கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கணும். கிர்ரக். தண்ணிய எடுத்தா தம்ளரு சத்தம் போடும். பயமா இருக்கு. ஆமா பயமாத்தான் இருக்கு, அதுக்காக எந்திரிச்சுப் போயிர மாட்டேன். கிர்ரக். படியில காலடி. சவரிண்ணே, ஏறாதீங்கன்னு சொன்னேன்ல. சவரிண்ணன் இல்ல. அந்த நடை எனக்குத் தெரியும். சாயங்கால டீக்கு வர்ற நடை.

அண்ணன் வாசல்ல நின்னுச்சு. மரத்தூளு மூச்சுல போகாம இருக்கக் கழுத்துல துண்டைச் சுத்தியிருந்துச்சு. கீழ கையக் காட்டிப் புருவத்தைத் தூக்குச்சு, என்ன சத்தத்தையே காணோம்னு. நான் ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சிருக்கலாம். கரண்டு இல்லன்னு சொல்லியிருக்கலாம், விசிறி ஓடுறதைப் பாத்துட்டுச் சிரிச்சிருக்கும். அண்ணே, உன் குரலு இருந்த நல்ல டிஸ்க்குல ஓட்டை போட்டுட்டேன். நாந்தான். சந்தனம் எண்ணை மறைச்சுருச்சு. கெட்ட டிஸ்க்குல இருந்து எடுத்துக்கிட்டு இருக்கேன், பாதி கூட வரல, நின்னுருச்சு. கடகடன்னு சொல்லிட்டு மூஞ்சியப் பாத்தேன். அண்ணன் மேசைகிட்ட வந்துச்சு. அந்த டிஸ்க்கை எடுத்துச்சு. ஓட்டைக்குள்ள சுண்டுவிரலை விட்டுப் பாத்துச்சு. அதைத் தூக்கி ஓட்டை வழியா என்னையப் பாத்துச்சு. பொறவு கீழ வெச்சுட்டு நடு மண்டையில நங்குன்னு ஒரு குட்டு வெச்சுச்சு பாரு, பள்ளிக்கூடத்துல வாங்குனதுக்கு அப்பறம் அப்படி ஒண்ணு வாங்குனதே இல்ல. கண்ணு கலங்கிருச்சு, வலியில பாதி, மிச்சம் வேற. போனை எடுத்து எழுதி மூக்குக்கு நேரா நீட்டுச்சு. போனாப் போகுதுன்னு சொல்லுவேன்னு பாக்குறியா? சொல்ல மாட்டேன். எனக்கு அது வேணும். எடு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. பரவாயில்ல தங்கச்சின்னு எழுதியிருந்தா செத்திருப்பேன்.

எடுக்கிறேண்ணே. நாற்காலிய இழுத்துப் போட்டு ஒக்காந்துச்சு, சத்தம் வராம இழுத்துச்சு. ரெண்டு பேரும் ஸ்க்ரீனைப் பாத்தோம். கிர்ரக். அண்ணன் மூச்சு துண்டுக்குள்ள உஸ்ஸுன்னு போய்ட்டு வருது. படிக்க முடியலன்னு ஒரு வரி வந்துச்சு. வந்ததும் அடுத்தது பாஞ்சுச்சு. போகுது! அண்ணன் என் தோளைப் புடிச்சுச்சு. வசவுல ஒண்ணு போச்சுண்ணே, எதுன்னு தெரியல. கையை விரிச்சுக் காட்டுச்சு, அது கெடக்கு, புதுசா உண்டாக்கிக்கலாம்னு. போகுது, நிக்குது, கிர்ரக்குங்குது, ஒண்ணை விடுது, அடுத்ததைப் புடிக்கிது. சன்னலுக்கு வெளிய வெயிலு எதுத்த கட்டடத்துல ஏறிப்போச்சு. ஆபரேசனுக்கு மொத நாளு. ஆபரேசன் அன்னைக்கு. அந்த நாளுதான் கடைசி. அதுல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு விழுந்துச்சு, கடைசி ரெண்டு பாக்கி இருக்கையில உள்ள கீச்சுன்னு ஒரு சத்தம், தட்டு மேல நகத்தை வெச்சுக் கிழிச்ச மாதிரி, பெறகு ஒரு டக்கு, பெறகு ஒண்ணுமில்ல. விசிறி மட்டும் ஓடுது. ஸ்க்ரீன்ல செவப்பு செவப்பா என்னென்னமோ வருது. செத்துப்போச்சு. போ சாமி, நல்லா இரு. மாம்பழ வண்டியும் கவுன்சிலரும் எல்லாம் போச்சு. நாளைக்கு ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, ஐயா வாங்க, தப்பு என்னுது, வந்து பேசுங்கன்னு கூப்பிடணும். கூப்பிடுவேன்.

மாடியில இருந்து எட்டிப் பாத்து, சவரிண்ணே, முடிஞ்சுச்சு, இனிமே என்ன ஆடுனாலும் ஒண்ணுமில்ல, கதவைப் பாருங்கன்னு கத்துனேன். வந்துருச்சா தங்கச்சி? பாத்துட்டுச் சொல்றேண்ணே. மெயின் ஏறுச்சு, எழைக்கிற மெசின் கத்த ஆரம்பிச்சுருச்சு. உள்ள வந்தேன். புது டிஸ்க்குல இருக்கிறதை எண்ணிப் பாக்கல, பேரு இருக்கும், உள்ள வெறும் இரைச்சலா இருந்தாலும் இருக்கும், போட்டுக் கேட்டாத்தான் தெரியும். அண்ணன் இது வரைக்கும் ஒண்ணு கூடக் கேட்டதில்ல. வெளிய போறியான்னு கேட்டேன். தலைய ஆட்டுச்சு, போகலன்னு. நடுவுல ஏதோ ஒண்ணு மேல வெச்சு அமுக்குனேன். பெரிய ஸ்பீக்கரு ரெண்டும் முழுச் சத்தத்துல வெச்சபடி இருந்துச்சு, நான் கவனிக்கல. மொதல்ல நாற்காலி கிறீச்சிட்டுச்சு. ஒரு செருமல். அப்பறம் அண்ணன். நாளைக்கு மழை வர்ற மாதிரி இருக்கு. நாளைக்கு மழை வர்ற... யோவ் சவரி! மெசினை நிப்பாட்டுய்யா! இங்க ஒரு மனுசன் பேசிக்கிட்டு இருக்கான்ல!

கீழ மெசின் நின்னுச்சு. இந்தா நிப்பாட்டிட்டேன் மாயண்ணேன்னு சவரிண்ணன் குரல் வந்துச்சு. பதிவு அத்தோட முடிஞ்சுச்சு. பெறகு படியில தடதடன்னு ஆளு ஏறி வர்ற சத்தம். சவரிண்ணன் தலையெல்லாம் மரத்தூளோட வாசல்ல வந்து நின்னு, அண்ணன் வாயப் பாத்தாரு, கழுத்துத் துண்டைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. அண்ணன் தோளு ரெண்டும் குலுங்குது, சிரிக்கிதா அழுகுதான்னு பாக்குறதுக்குள்ள என் கையத் தட்டி விட்டுட்டு மவுசைப் புடிச்சுச்சு. அதையே இன்னொரு தடவை போட்டுச்சு.